மூன்றாம் காலாண்டு அறிக்கை

கனம் செயலாளர் ஐயா அவர்களுக்கு,
கொட்டாஞ்சேனையிலிருந்து ஹெப்சிபா எழுதுகிறேன்.
படிவம் வந்தது. கட்டங்கள் ஆறு.
பேனா மூடியைக் கடித்தபடி
முதல் கட்டத்திலேயே அரைமணி நேரமாய் இருக்கிறேன்:
ஆதாயப்படுத்திய ஆத்துமாக்கள் எத்தனை?

ஐந்து மணிக்கு எழும்புகிறேன்.
எழுந்திருக்கிறேன் என்றுதான் முதலில் எழுதினேன்,
அடித்துவிட்டேன்.
துறைமுகத்தில் ஏதோ ஒரு கப்பல் தொண்டையைச் செருமும்.
குழாயைப் பார்த்தபடியே ஜெபிக்கிறேன்,
ஆறு மணிக்கு அது நின்றுவிடும்.
கடையில் அரை றாத்தல் பாண்.
ரொட்டி என்று கேட்டுக் கேட்டு
வந்த முதல் மாதம் முழுக்கத்
தேங்காய் ரொட்டியே தின்றவள் நான்.

ஐந்தாம் வகுப்பில் பிள்ளைகள் நாற்பத்து மூன்று.
உட்கார முப்பத்தெட்டு.
மெலிந்தவர்களாகப் பார்த்து
ஒன்றில் இருவரை இருத்துகிறேன்.
மதியத்துக்குள் ஒருவர் மாறி ஒருவர் விழுகிறார்கள்.

விசாவுக்குப் பத்தரமுல்லை போய்வந்தேன்.
தங்கும் நோக்கம் கேட்டார்கள்.
ஊழியம் என்பதை அந்த அதிகாரிக்கு
எந்த மொழியிலும் விளக்க முடியாமல்
பிள்ளைகளின் கொப்பி மூட்டையைத் தூக்கிக் காட்டினேன்.
முத்திரை விழுந்தது. ஒரு வருடம்.

ஆடியில் டெங்கு.
கீழ்வீட்டுச் சோமாவதி அக்கா
பப்பாளி இலையை இடித்துப் பிழிந்து
கிண்ணத்தோடு படுக்கையோரம் நின்று
"பொன்ன, பொன்ன" என்றார்.
காய்ச்சலில் எனக்குப் பொன் பொன் என்றே கேட்டது.
குடி என்று அர்த்தமாம்.
குடித்தேன். கசப்பு இன்னும் நாக்கில்.

இனி, நான் சொல்லத் தயங்கும் காரியம்.

போன வருடம் சொல்வதெழுதலில்
கதிரை, பேனை, சப்பாத்து, திகதி
எல்லாவற்றையும் சிவப்பில் சுழித்தேன்.
நாற்காலி, பேனா, காலணி, தேதி
என்று மேலே எழுதினேன்,
மெஞ்ஞானபுரத்திலிருந்து தமிழை மீட்கக்
கப்பலேறி வந்தவள் போல.

மூன்றாம் நாள் வகுப்பு வாசலில் ஒருவர்.
முன்னங்கை முழுக்க மரத்தூள்.
சிவகடாட்சம், லோஜிதாவின் தகப்பன்.
"டீச்சர், நான் ஜம்பட்டா வீதியில
கதிரை செய்யிறனான். இருவத்தாறு வருசம்.
பிள்ளை நேற்றுச் சொல்லுது,
அப்பா செய்யிறது பிழையாம்."

கோபமில்லை, சிரிப்புமில்லை.
கொப்பியை மேசையில் வைத்தார்.
"நாலு கால் எல்லாத்துக்கும் இருக்குத்தானே.
இந்த மேசைக்கும் இருக்கு, மாட்டுக்கும் இருக்கு"
என்றுவிட்டுப் படியிறங்கினார்.

அன்றிரவு மின்சாரமில்லை.
மெழுகுதிரி வெளிச்சத்தில்
நாற்பத்து மூன்று கொப்பிகளின் சிவப்பையும்
பிளேடால் சுரண்டினேன்.
சில தாள்கள் ஓட்டையாயின.
காலையில் பிள்ளைகளிடம்
பிழை என்னுடையது என்றேன்.
கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.
பிறகு கடைசி வரிசை நஸ்மி கேட்டான்:
"அப்ப டீச்சருக்கு எத்தனை புள்ளி?"
முட்டை என்றேன்.
வகுப்பே எழும்பிக் கைதட்டியது.
பக்கத்து வகுப்பிலிருந்து அதிபர் ஓடிவந்தார்.

போன கிழமை சிவகடாட்சம் மறுபடி வந்தார்,
மழையில், தலையில் ஒரு கதிரையைக் கவிழ்த்துக்கொண்டு.
குடைக்குக் குடையும் ஆச்சு என்றார்.
மிச்சம் நாலும் பலகை கிடைத்தால்.
காசு வாங்கவில்லை.
எங்கள் ஆராதனைக்கு அவர் வருவதில்லை,
செவ்வாய்க்குச் செவ்வாய் தன் கோயிலுக்குப் போகிறார்,
நானும் கேட்கவில்லை.
அந்தக் கதிரையை இரவுக்கு மட்டும் கடன் வாங்கி
அதில் இருந்துதான் இதை எழுதுகிறேன்.
ஒரு கால் இம்மியளவு குட்டை.
தாளை மடித்துக் கொடுத்திருக்கிறேன்,
உங்கள் படிவத்தின் இரண்டாம் பிரதி.

முதல் கட்டம் காலியாகவே வருகிறது.
ஐந்தாம் கட்டத்தில், பெற்ற நன்கொடைகள் என்ற இடத்தில்,
கதிரை ஒன்று என்று குறித்திருக்கிறேன்.
அந்தச் சொல்லைச் சிவப்பில் சுழிப்பீர்கள்.
சுழியுங்கள் ஐயா.
பிளேடு என்னிடம் இருக்கிறது.