கிழங்குப் பசை

பெர்லின், 1948 ஜூலை

என் தோளில் இப்போது இரண்டு பைகள்.
ஒன்றில் அவர்கள் பணம், ஒன்றில் இவர்கள் பணம்.
யார் அவர்கள், யார் இவர்கள் என்பது
டிராம் எந்தத் தெருவில் நிற்கிறது
என்பதைப் பொறுத்தது.

லைப்சிகர் தெருவில் ஏறினால் கிழக்கு.
பொட்ஸ்டாம் சதுக்கம் தாண்டினால் மேற்கு.
இடையில் கூரை போன கட்டிடங்கள்
வாய் பிளந்து நிற்கின்றன.
அவற்றிடம் யாரும் டிக்கெட் கேட்பதில்லை.

மேற்கின் நோட்டு புத்தம் புதிது.
கடல் தாண்டிப் பெட்டி பெட்டியாக வந்ததாம்,
உள்ளே என்ன இருக்கிறதென்று
தூக்கியவனுக்கே தெரியாமல்.
தொட்டால் மொடமொடக்கிறது,
கஞ்சி போட்ட சட்டை மாதிரி.

கிழக்குக்கு அச்சடிக்க அவகாசமில்லை.
செல்லாத பழைய நோட்டின் தலையில்
தபால்தலை போல ஒரு துண்டுத்தாளை
ஒட்டி அனுப்பிவிட்டது.
துண்டு இருந்தால் பணம்.
உரிந்தால் காகிதம்.
உருளைக்கிழங்குப் பசை என்றார்கள்.
நான் மோந்து பார்த்தேன்.
கிழங்குதான்.
வயிறு திரும்பிப் படுத்தது.

செவ்வாய்க்கிழமை நல்ல மழை.
கையில் மூடிபோட்ட வாளியோடு ஏறிய பெண்
நோட்டை நீட்டினாள். தலையில் துண்டு இல்லை.
"செல்லாதும்மா" என்றேன்.
அவள் கத்தவில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டு
மண்டியிட்டாள்.
பிறகு எதிர் இருக்கைக்காரர் மண்டியிட்டார்.
பிறகு தொப்பிக்காரி, பிறகு
காலையில் ரொட்டி வரிசையில்
முழங்கையால் என்னை இடித்தாளே, அவளும்.
ஓட்டுநர் புஷ்கே வண்டியை நிறுத்திவிட்டார்.
ஒரு டிராம் முழுக்க மனிதர்கள்
தரையைத் தடவிக்கொண்டிருந்தோம்,
எந்தத் தேவாலயத்திலும்
இத்தனை பேர் குனிந்து நான் பார்த்ததில்லை.

போலீஸ்காரர் மட்டும் நின்றுகொண்டிருந்தார்.
வெகுநேரம் கழித்து, எங்கோ பார்த்தபடி,
பூட்ஸ் காலை மெல்லத் தூக்கினார்.
அடியில் இருந்தது.
நோட்டில் நிற்காத பசை
தோலில் எப்படிப் பிடித்திருந்தது!
நகத்தால் கிள்ளி எடுத்து
எச்சில் தொட்டு ஒட்டிக் கொடுத்தேன்.
சட்டப்படி குற்றம்.
எந்தச் சட்டம் என்று தெரியவில்லை.

தலைக்கு மேல் விமானம்.
பின்னாலேயே இன்னொன்று.
சாலையும் ரயிலும் அடைத்த பிறகு
மேற்கு வானத்தில் வழி போட்டுக்கொண்டது.
புஷ்கே அண்ணாந்து பார்த்தார்:
"அதிலும் கிழங்குதான். பொடியாக."

இரவு இரண்டு மணிக்குக் கரண்ட் வந்தது.
தெரு முழுக்க அடுப்படி விளக்குகள்,
பகலைத் தவறவிட்ட பெண்கள்
இஸ்திரி போடுகிறார்கள், துவைக்கிறார்கள்.
நான் மஞ்சள் பொடியில் வெந்நீர் ஊற்றிக் கிண்டினேன்.
கிண்டக் கிண்ட
கரண்டி கனத்தது.
அதே வாசனை.
ஒருவர் கூழாக்கி நோட்டில் தடவுகிறார்,
ஒருவர் தூளாக்கி வானத்தில் ஏற்றுகிறார்.
எந்த வயலில் பிடுங்கினார்களோ.
பசியா பசையா என்று யோசிக்காமல்
நின்றபடியே தின்றேன்.

மூன்று வருஷம் முன்னால்
இதே வண்டி ஓடாமல் நின்ற கோடையில்
இரண்டு சிப்பாய்கள் பின்னிருக்கையில் உட்கார்ந்து
ஒரே புட்டியில் மாற்றி மாற்றிக் குடித்தார்கள்.
அமெரிக்கன் சூயிங்கம் கொடுத்தான்.
ரஷ்யன் மென்று, விழுங்கிவிட்டான்.
இருவரும் கண்ணீர் வரச் சிரித்தார்கள்.
எனக்கு இருவரையும் பயம்.
இருட்டில் படி ஏறும் பூட்ஸ் சத்தம்
ஒரே மாதிரிதான் கேட்கும்.
ஆனாலும் அந்தச் சிரிப்பு உண்மை.

இருக்கைக்கு அடியில் அமெரிக்கன்
ஒட்டிவைத்துப் போனது இன்னும் இருக்கிறது.
நேற்றுகூடக் கத்தியால் சுரண்டினேன்.
வரவில்லை.

இன்று கணக்கு ஒப்படைக்கையில்
இடப்பையின் அடியில் மூன்று துண்டுத்தாள்கள்
தனியாக.
அவற்றின் நோட்டுகள்
யார் கையில் செத்துக்கிடக்கின்றனவோ.
அதிகாரி கேட்டார்: "இது எந்தப் பக்கத்துக் குறைவு?"
மழை ஈரம் காயாத விரல்களை
நான் பாவாடையில் துடைத்துக்கொண்டேன்.