நான்கு எண்கள்

எடைமேடைச் சன்னலில் பதினோரு வருடம்.
செம்பனை லோரி மேலேறும்போதே தெரிந்துவிடும்,
குலைகளுக்கு அடியில் மணல் உண்டா,
சொட்டுவது நேற்றைய மழையா
இன்று காலை குழாயில் பிடித்த தண்ணீரா என்று.
காம்பை நீளமாக விட்டு வெட்டியிருந்தால்
கிலோவில் கழிப்பேன்.
பழத்துக்கு நடுவே காய்க்குலையைச் செருகினால்
நிறம் காட்டிக்கொடுக்கும்.
"தமயந்தி கண்ணுல மண்ணத் தூவ முடியாது"
என்பார்கள் லோரிக்காரர்கள்,
பாதி எரிச்சலில், பாதி மரியாதையில்.

அந்தப் பெருமையோடுதான்
ஒரு வியாழக்கிழமை, மில் சங்கு ஊதி ஓய்ந்த நேரம்,
கைப்பேசியை எடுத்தேன்.

பெண் குரல். தமிழ்.
அதுதான் முதல் மணல்.
வங்கியிலிருந்து இதுவரை எவரும்
என்னோடு தமிழில் பேசியதில்லை.
எனக்கோ அது சர்க்கரையாக இருந்தது.

"அக்கா" என்றாள்.
என் ஐசியின் கடைசி நான்கு எண்ணை
அவளே சொன்னாள்.
ஜொகூரில் எவனோ என் கார்டில்
ஆயிரத்து எண்ணூறு வெள்ளிக்கு
டயர் வாங்கிக்கொண்டிருக்கிறானாம்,
இதோ, இந்த நிமிடம்.
"நிறுத்தணும்னா ஒரு நம்பர் வரும்க்கா,
அத மட்டும் படிங்க."

வந்தது. ஆறு இலக்கம்.
யாரிடமும் சொல்லாதீர்கள் என்று
மேலேயே மலாயில் எழுதியிருந்தது.
பள்ளியில் மலாய் நன்றாகத்தான் படித்தேன்.
பயம் வந்தால்
எழுத்தெல்லாம் எறும்பாகிவிடுகிறது.

ஏழு என்றேன்.
ஜீரோ என்றேன்.
மூணு.
மூணு.

"பயப்படாதீங்கக்கா, நான் உங்க
புக்கிட் தெராப் கிளையிலேருந்துதான் பேசுறேன்."

புக்கிட் தெராப் கிளையை மூடி
இரண்டு வருடம் ஆகிறது.
இப்போது அங்கே
காசு போட்டால் துவைக்கும் டோபிக் கடை.
கவுண்டர் இருந்த இடத்தில் உட்கார்ந்து
போன ஞாயிறுதான்
என் போர்வை சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எந்த மெஷின் பக்கத்துல ஒக்காந்திருக்கே தங்கச்சி?"

ஒரு நொடி ஒன்றுமில்லை.
அவளுக்குப் பின்னால் வேறொரு குரல்
வேறொருத்தியை அக்கா என்று அழைப்பது கேட்டது.
அப்புறம் ஒரு கெட்ட வார்த்தை.
அதுவும் நல்ல தமிழில்.

மீதி இரண்டு எண்
என் வாயிலேயே இருந்தன.
கார்டின் முதுகில் அச்சடித்த எண்ணுக்கு
நானே அழைத்தேன்.
பதினேழு நிமிடம் வாத்திய இசை.
கணக்கை முடக்கினார்கள்.
கை நடுக்கம் நிற்க அதைவிட நேரமானது.

யாரிடமும் சொல்வதில்லை என்றுதான்
மறுநாள் வேலைக்கு வந்தேன்.
மணல் பிடிப்பவள் மணல் தின்ற கதை.

ஒன்பது மணி லோரியில் நாகேந்திரன்.
தீபாவளிக்கு முன்னால்
சேமிப்பு நாலாயிரத்து முந்நூறு வெள்ளியையும்
குடித்தே அழித்தான் என்று ஊர் சொல்லும் நாகேந்திரன்.
பதினோரு வருடமாக
கையெட்டும் தூரத்தில் அவன் முகம்.
ஒருநாளும் அந்த வாடை வந்ததில்லை.

சீட்டை நீட்டும்போது வாய் தானாகச் சொன்னது:
"நேத்து ஒருத்திகிட்ட நாலு நம்பர் சொல்லிட்டேன்."

அவன் சீட்டை வாங்கவில்லை.
எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.
பின்னால் மூன்று லோரி ஹாரன் அடித்தன.

"நான் ஆறும்" என்றான்.

பார்சல் என்று வந்ததாம் அவனுக்கு.
தொட்டால் வங்கியின் முகம், அதே மஞ்சள்,
பெயரில் ஓர் எழுத்து மட்டும் கூடுதல்.
"குடிச்சேன்னா பொண்டாட்டி திட்டுவா, முடிஞ்சிரும்.
ஏமாந்தேன்னு சொன்னா
ஒரு பார்வை பாப்பாங்க பாரு..."
முடிக்காமல் கியரைப் போட்டான்.

அன்றிலிருந்து சீட்டோடு சேர்த்து
எல்லோருக்கும் சொல்கிறேன், நாலு நம்பர் கதையை.
சிரிக்கிறார்கள்.
சிரித்துக்கொண்டே இருந்தவர்களில் சிலர்
திடீரென்று நிறுத்திக்கொள்கிறார்கள்.

குலைகளை இறக்கிவிட்டு
நாகேந்திரன் லோரி திரும்ப மேடையேறியது.
காலி எடை எப்போதும்போல்
ஒன்பதாயிரத்து இருநூற்று நாற்பது கிலோ.
நம்பாமல்
இன்னொரு தடவை பார்த்தேன்.