எத்தனை அடி

பெயர் மைமூன் பீவி. வயது நாற்பத்தொன்று.
தொழில் ஜெராக்ஸ் கடை, அரசரடி.
நடந்தது சித்திரைத் திருவிழா முடிந்த மூன்றாம் நாள்,
பகல் பன்னிரண்டே கால்.
இதுவரைக்கும் தட்டச்சு தடையில்லாமல் ஓடியது.

பிறகு அரசு வக்கீல் கண்ணாடியைக் கழற்றிக் கேட்டார்:
"எத்தனை அடி?"
"மூணு அடி," என்றேன்.
காயச் சான்றிதழில் இருப்பது இரண்டு வெட்டு.
முன்கையில் ஒன்று, தோளில் ஒன்று.
"மூன்றாவது எங்கே விழுந்தது?"
"அது விழல சார்.
ரெண்டு பேருக்கும் நடுவுல இருந்துச்சு."

பின்வரிசையில் சிரித்தார்கள்.
நீதிபதியும் உதட்டை மடித்துக்கொண்டார்.
நம் பாஷை அப்படி.
அளப்பதும் அடி, அடிப்பதும் அடி.
எந்தக் காலத்து அரசமரமோ,
எங்கள் பேட்டையின் பேரில் மிச்சமிருப்பதும் அடி.

கோர்ட்டு பாஷையில் சடையாண்டிக்குப் பெயர் எதிரி.
ஒன்பது கோடை எனக்கு வழுக்கை வழித்துக் கொடுத்த எதிரி.
வெள்ளைத் துணி சுற்றி அரக்கு முத்திரையோடு
மேஜைமேல் கிடந்தது அவருடைய அரிவாள்.
அன்று காலையிலிருந்து அது சீவியது எண்பது காய் இருக்கும்.
பன்னிரண்டே காலுக்கு அது ஆயுதம்.
எந்தக் காயோடு அதன் பேர் மாறியது என்று
யாரும் என்னைக் கேட்கவில்லை.

குணசீலன் காரில் மட்டைக் குவியல் உரசியதுதான் ஆரம்பம்.
தாயைச் சொல்லித் திட்டினார்.
தள்ளுவண்டியைக் கவிழ்த்தார்.
டிக்கியைத் திறந்து ஜாக்கி லிவரை எடுத்தார்.
எடுத்தாரா, ஓங்கினாரா?
ஓங்கினார் என்றேன்.

போலீசைக் கூப்பிட நேரம் இருந்ததா?
ஜெயில் மதில் தெரியும் தூரம்தானே அம்மா?
தெரியும். துப்பாக்கிக்காரர் நிற்பதும் தெரியும்.
அவர் உள்ளே இருப்பவர்களுக்கான காவல்.

எதிரித் தரப்பில் ஹெலன் மேடம் எழுந்தார்:
உயிருக்குப் பயந்தவன்
தராசு பிடித்துக்கொண்டு நிற்க முடியாது.
அரசு வக்கீல் இன்னொரு வரியை வாசித்தார்:
தேவைக்கு மேல் தீங்கு கூடாது.
முதல் வெட்டில் லிவர் தரையில் விழுந்தது.
அந்தச் சத்தம் கேட்டபோது
இரண்டாவது வெட்டு எங்கே இருந்தது?
மனசிலா, தோள்பட்டையிலா, பாதி வழியிலா?
கிளம்பிவிட்ட கையைத் திருப்பிக் கூப்பிட
ஒரு மனுஷனுக்கு எவ்வளவு நேரமாகும்?
ஒரு பக்கம் நகலெடுக்க என் மிஷினுக்கு நான்கு விநாடி.
எனக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான்.

"பின்னால் போக வழி இருந்ததா?"
"இல்லை."
பதிவானது. படித்துக் காட்டினார்கள்.
கையெழுத்துப் போட்டேன்.

வழி இல்லைதான்.
சடையாண்டிக்குப் பின்னால் என் கடை.
லிவரைக் கண்டதும் ஷட்டரை இழுத்தவள் நான்.
பாதியில் போய்ச் சிக்கிக்கொண்டது,
முழங்கால் உயரத்தில்.
சிமெண்ட் தரையில் கன்னம் ஒட்டப் படுத்துக்கொண்டு
மிச்சத்தை அந்த இடுக்கு வழியாகப் பார்த்தேன்.
இரண்டு ரப்பர் செருப்பு, இரண்டு ஷூ.
நடுவில் மூன்று அடி.
அதைமட்டும் நான் தப்பாகச் சொல்லவில்லை.

தீர்ப்பு ஆவணிக்குத் தள்ளிப்போயிருக்கிறது.

போன செவ்வாய் குணசீலன் கடைக்கு வந்தார்,
ஊனச் சான்றிதழ் நகலெடுக்க.
இடது கையால் சில்லறையைத் துழாவினார்.
எத்தனை என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.
மூன்று போட்டுக் கொடுத்தேன்.
இரண்டு போதும்மா என்று
ஒன்றைத் திருப்பி வைத்துவிட்டுப் போனார்.

கல்லாவுக்குள் கிடக்கிறது.
கிழிக்கலாம். யாருடையதோ மாதிரி இருக்கிறது.