இனம்: வெள்ளி

நாற்பத்தொன்று என்றுதான் முதலில் எழுதினேன்.
பாரூர் ஏரிக்குக் கீழே, திம்மராயன் மாந்தோப்பில்
சொட்டுநீர்க் குழாய்க்குத் தோண்டிய பள்ளத்தில்
உடைந்த கலயம்.
பொழுது சாயும் நேரம்
ஜேசிபி மாதேஷ் தலையைச் சொறிந்தபடி வந்து
கால்சட்டைப் பையிலிருந்து இரண்டை எடுத்து வைத்தான்.
அடித்து, நாற்பத்து மூன்று என்று திருத்தி,
ஓரத்தில் சுருக்கொப்பம்.

அடகுக்கடைத் தராசில் ஒன்றின் எடை
மூன்று கிராம் எழுநூறு மில்லி.
இனம்: வெள்ளி.

விவரம் என்றொரு கட்டம்.
முன்பக்கம் ஆண் தலை, இலைமாலை, எடுப்பான மூக்கு.
பின்பக்கம் இரண்டு பேர்,
நடுவில் கேடயங்கள், ஈட்டிகள்,
அவற்றின் மேலே ஒரு கரண்டியும் வளைந்த கோலும்.

கோலைத் தொரட்டி என்றான் திம்மராயன்
மாங்காய் சீசன் நினைப்பில்.
களை வெட்ட வந்த சாலம்மா
கிட்டே குனிந்தாள்.
“என்னம்மா, வேடியப்பனைத் தெரியலையா?
எங்க கல்லுல ஒண்டியா நிப்பாரு.
இதுல ஜோடி.”
செருப்பைக் கழற்றித் தள்ளி வைத்தாள்.

ஆண் உருவங்கள், இரண்டு
என்று எழுதினேன்.
தாசில்தாருக்கு அனுப்புகிற தாளில்
சாமி என்று எழுத முடியாது.

இரவு அருங்காட்சியகத்திலிருந்து போன்.
ரோமாபுரிக் காசாம்.
கரண்டி, பூசாரி படையலுக்கு மது ஊற்றுவது.
கோல், வானத்தைப் பங்கு போட்டுப்
பறவை போகும் திசையில் குறி பார்ப்பவனுடையது.
அந்த இருவர் சக்கரவர்த்தியின் பேரர்கள்,
பட்டத்துக்கு வளர்த்தவர்கள்,
மீசை முற்றும் முன்னே அடுத்தடுத்துச் செத்தவர்கள்.
செத்த பிறகும் அச்சு ஓடியது என்றும் சொல்கிறார்களாம்.

போனை வைத்த பிறகு
சாலம்மாவின் வெறுங்கால் ஞாபகம் வந்தது.
வேடியப்பன் கல்லும்
செத்த பையனுக்கு நட்டதுதானே.

காலையில் அரக்கு உருக்கும் முன்
சேதம் என்ற கட்டம் மிச்சமிருந்தது.
அரசன் கன்னத்தில் உளிவெட்டு,
காதிலிருந்து தாடை வரை.
தலையைச் சுற்றி ‘தெய்வத்தின் மகன்’ என்று
எழுதியிருப்பதாகச் சொன்னார்கள்.
இந்தப் பக்கத்து எவனோ அதை நம்பாமல்
உள்ளே செம்பு இருக்கிறதா என்று
வெட்டிப் பார்த்திருக்கிறான்.
வெள்ளிதான். வாங்கிக்கொண்டான்.

நாற்பத்து மூன்றையும் புரட்டினேன்.
பதினேழு முகங்களில் வெட்டு.
பையன்கள்மேல் ஒரு கீறல் இல்லை.
ஏன் என்பதற்குக் கட்டம் கிடையாது.
சேதம்: ஒரு பக்கம் மட்டும்.

கருவூலத்துக்கு ஜீப்பில் போகையில் பை என் மடியில்.
காவேரிப்பட்டணத்து வேகத்தடை ஒவ்வொன்றிலும்
உள்ளே அவர்கள்
ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டார்கள்.
மெதுவா போங்க, என்றேன் டிரைவரிடம்.