இரண்டாம் பந்தி

பள்ளத்தூர்க் கல்யாணம். இரண்டாம் பந்தி.
அண்ணன் அடைக்கலத்தின் இலையில்
கந்தரப்பம் மூன்று தீர்ந்துவிட்டது.
நாலாவது,
இலைக்கும் சட்டைப்பைக்கும் நடுவில்.

சர்க்கரை முந்நூற்றுப் பன்னிரண்டு.
"நாக்கைக் கட்டுங்க" என்றார் தேவகோட்டை டாக்டர்.
நாக்கையா?

அவன் வயிற்றிலிருந்த வருஷம்
கண்மாய் பாளம் பாளமாய் வெடித்துக் கிடந்தது.
அம்மா புளியங்கொட்டையை வறுத்து, தோலுரித்து,
ஊறவைத்து உப்புப் போட்டுத் தின்றாளாம்.
அவனுக்கு ஒன்பது மாதத்தில்
யார் வீட்டு விசேஷத்திலோ
ஒரு விரல் வெல்லப்பாகு.
அழுகை அப்படியே நின்று
கண் மட்டும் பெரிசானதை
சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அப்பாவுக்குப் புதுவயல் அரைவை மில்லில்
வேலை கிடைத்த பிறகு பிறந்தவள் நான்.
குருணைக்காவது பஞ்சமில்லாத வீடு.
எனக்குப் பாதி இலையோடு எழுந்திருக்கத் தெரியும்.
அதைக் கட்டுப்பாடு என்று சொல்லிக்கொள்ள
கொஞ்ச நாளாகக் கூச்சம்.

"பால்பணியாரம் வேணாமா உனக்கு?"
கேட்கும்போதே அவன் கை
என் கிண்ணத்துக்குப் பாதி வழியில்.
அந்தக் கண், அதே கண்.

கிண்ணத்தை நகர்த்தினேன்.
எந்தப் பக்கம் என்று
டாக்டரிடம் சொல்ல மாட்டேன்.