மஞ்சளுக்கு எத்தனை சொல்

ஈசூனில், ஏழாம் மாடி வார்டில்
எனக்கு மணிக்கணக்கில் சம்பளம்.
டாக்டர் குவெக் ஆங்கிலத்தில் கேட்பார்,
நான் தமிழில் கேட்பேன்.
போகிற வழியில் ஒன்றும் சிந்திவிடக் கூடாது,
அதுதான் வேலை.

இன்று அவர் கேட்டது மலத்தின் நிறம்.

"வெளிக்குப் போனது என்ன கலர்ல இருந்துச்சு?"
திரைச்சீலையை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக் கேட்டேன்.
திருமேனி கூச்சப்பட்டது என்னைப் பார்த்து,
நிறத்தைச் சொல்ல அல்ல.
வீவக புளோக்குகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறவர்,
அந்தரத்தில் தொங்கியபடி பதினோரு வருடம்.
"பட்டி" என்றார்.
"சுவத்துல பூசுற பட்டி, தண்ணி கலந்தது.
நாலு நாளாச்சு."
சிறுநீர்?
"கோப்பி ஓ. நுரையோட."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.
ரத்தம் உடைந்து வரும் மஞ்சளில் மலம் வெளுக்காது.
கல்லீரல் வெந்து வரும் மஞ்சளில்
வெளுக்கலாம், வெளுக்காமலும் போகலாம்.
பட்டி என்றால் பித்தம் குடலுக்கே வந்து சேரவில்லை,
வழியில் எதுவோ உட்கார்ந்திருக்கிறது.
இதை அவர் நர்ஸிடம் சொன்னார்.
மொழிபெயர்க்கச் சொல்லவில்லை.
மொழிபெயர்த்தேன்.

திருமேனி தலையாட்டினார்.
"சீலிங்குல மஞ்சக் கறை வந்தா
அது மேல்வீட்டு டாய்லெட்டா,
காங்கிரீட்டே ஊறிப்போச்சா,
பைப்பு அடைச்சிருக்கான்னு பாக்கணும்.
பாக்காம ரெண்டு கோட்டு அடிச்சா
அடுத்த மாசம் அதே எடத்துல நிக்கும்.
இத டார்மில சொன்னா எவன் கேட்டான்."

டார்மில் அவர் தட்டைத் தனியே வைத்துவிட்டார்களாம்.
குவளையில் பெயர் எழுதி ஒட்டியிருந்ததாம்.
தேக்காவிலிருந்து ஒருவன் கீழாநெல்லி வாங்கி வந்து
மோரில் அரைத்துக் கொடுத்து
எட்ட நின்று குடிக்கச் சொல்லியிருக்கிறான்.
"நல்ல பையன்தாங்க" என்றார், சொறிந்துகொண்டே.
உள்ளங்கை, உள்ளங்கால், முதுகு.
ராத்திரியெல்லாம் கட்டில் கம்பியில் உரசியிருக்கிறார்,
சீப்பால், பிறகு பட்டி இழுக்கும் தகட்டால்.

காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள்.
கேட்டுப் பார்த்தேன்.
"இல்லியே. ஒங்க சட்டை நீலம்.
அந்தச் சுவரு ஆஃப் ஒயிட்டு, கொஞ்சம் சாம்பல் விட்டது."
மஞ்சளாய்ப் பார்த்தது மற்றவர்கள்தான்.

ஸ்கேனில் கல்.
பித்தநாளத்தின் அடி வளைவில், பச்சைப்பயறு அளவு.
அதனால்தான் அந்த வலி, அந்தக் குளிர்நடுக்கம் என்றார் டாக்டர்,
முகத்தில் ஏறக்குறைய சந்தோஷம்.
வாய் வழியாகக் குழாய் விட்டு
இன்று இரவே எடுத்துவிடலாம்.

பக்கத்துக் கட்டிலில் என்சிக் ரோஸ்லான்.
அதே மஞ்சள், அதே பட்டி, அதே அரிப்பு.
வலி இல்லை. காய்ச்சல் இல்லை.
பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை.
மகள் கொண்டுவந்த கஞ்சியைப் பாதியில் வைத்துவிட்டு,
எனக்கு ஒன்றும் வலிக்கவில்லை என்று
மலாயில் சொல்லிக் கட்டைவிரலை உயர்த்தினார்.
டாக்டரும் உயர்த்தினார், கொஞ்சம் தாமதித்து.
அந்தத் தாமதத்தை மொழிபெயர்க்க
யாரும் என்னைக் கேட்கவில்லை.
எனக்கு மலாய் தெரியும்.

வெள்ளிக்கிழமை லிஃப்டில் திருமேனி,
கையில் மருந்துப் பை, சுற்றிலும் ஆட்கள்.
"அக்கா, பழைய கலர் வந்திருச்சு!"
சிரித்துவிட்டேன்.
தரைத்தளம் வந்ததும் கூட்டத்தோடு இறங்கிப் போனார்.
பக்கத்துக் கட்டிலைப் பற்றி
அவரிடம் கேட்டிருக்கலாம்.
கேட்கவில்லை.