லா

பயின்னாவுங் சந்தையில் உளுந்து ஏற்றுகிறேன்.
மூட்டையில் ஒரு பிடி குறைந்தாலும்
என் தோளுக்குத் தெரியும்.

போன மழையில் அந்தத் தோள் பூட்டிக்கொண்டது.
கொண்டை போட முடியவில்லை.
லுங்கி முடிச்சைக்கூட
பக்கத்துக் கடைக்காரிதான் போட்டுவிட்டாள்.
நாற்பது மில்லிகிராம் என்று எழுதினார் டாக்டர் நீலார் வின்.
எட்டு வெள்ளைப் பொட்டு, காலைச் சோற்றுக்குப் பின்.

மூன்றாம் நாள் மூட்டையைத் தூக்கினேன்.
இரவு இரண்டு மணிக்கு எழுந்து பானை துலக்கினேன்,
துலக்கிய பானையிலேயே உலை வைத்துத் தின்றேன்.
காரணமில்லாமல் அழுதேன்.
காரணத்தோடு யாரையோ ஏசினேன்.
கன்னம் ஊதிற்று, பிடரியில் சின்னதாய் ஒரு திமில்,
தொட்ட இடமெல்லாம் கன்றியது.

"லா" என்றான் எடைக்காரன் தெய்ன் நாய்ங்.
பர்மியப் பேச்சில் லா என்றால் நிலா.
முன்னால் கொஞ்சம் மூச்சுச் சேர்த்தால் அழகு.
எதைச் சொன்னான் என்று
இன்றுவரை கேட்கவில்லை.

தங்கை மகள் பரிமளத்துக்கு நிச்சயதார்த்தம்.
போட்டோவில் இந்த மூஞ்சியா?
வலிதான் போய்விட்டதே.
அட்டையை அரிசி டின்னுக்குள் போட்டு மூடினேன்.

நான்காம் நாள் தராசு முள் இரண்டாய்த் தெரிந்தது.
வாந்தி.
உளுந்து மூட்டைமேலேயே சாய்ந்தேன்.

ஊசி ஏறி, உப்புநீர் ஏறிக் கண் திறந்தபோது
டாக்டர் திட்டவில்லை. அதைவிட மோசம், விளக்கினார்.
சிறுநீரகத்தின் தலையில் குல்லாய் மாதிரி இரண்டு சுரப்பிகள்,
விடிந்தால் உடம்புக்குப் படியளக்கிறவை.
வெளியிலிருந்து வண்டி வண்டியாய் வந்திறங்கியதும்
நமக்கென்ன வேலை என்று படுத்துவிட்டன.
நீ ஒரே நாளில் வண்டியை நிறுத்திவிட்டாய்.
உள்ளே அடுப்பு மூட்ட ஆள் ஏது?

"மெதுவாகத்தான் எழுப்பவேண்டும். லா கணக்கில்."

மாதத்துக்கும் இங்கே லா தான்.

அதுவும் சரி.
பௌர்ணமிக்கு மறுநாளே அமாவாசை
எந்தப் பஞ்சாங்கத்தில் வருகிறது?

எட்டு ஏழாகி, ஏழு ஆறாகி,
இப்போது ஒன்றில் நிற்கிறேன். அடுத்த லா அரை.
சவரப் பிளேடால் வெட்டிப் பார்த்தேன்.
டன் கணக்கில் உளுந்து பார்த்த கைக்கு
ஒரு மாத்திரையைச் சரிபாதி போட வரவில்லை,
ஒரு பக்கம் பொடியாகிறது,
பொடியை விரலால் ஒற்றி நக்குகிறேன்.
சில காலை கால் தரையில் ஊன்றாது.
உட்கார்ந்து காத்திருக்கிறேன்,
உள்ளே யாரோ புரண்டு படுக்கிறார்கள்,
இன்னும் எழவில்லை.

தெய்ன் நாய்ங் இன்று என்னைப் பார்த்து
ஒன்றும் சொல்லவில்லை.

கொஞ்சம் ஏமாற்றம்தான்.